தம் விடைக்குறிப்பைத் தாமே திருத்திய பேராசிரியர் நஞ்சம்மாள் அவர்களுக்கு

கணிதம் கமழும் நாவினரே! கரும்பலகையே கழனியாக, சுண்ணக்கட்டியே கலப்பையாக உழுது களைக்காத கைகளுக்கு உரியவரே! காரமடையில் பிறந்து, கோவையில் கற்று, கற்ற ஊரிலேயே முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்து, இந்த மே மாதத்தோடு பணி நிறைவு பெறும் எங்கள் கணிதத்துறைத் தலைவரே! மெய்யை மெய்யென்றும் பொய்யைப் பொய்யென்றும் ஆள் பார்க்காமல், அவை பார்க்காமல், ஆதாயம் பார்க்காமல் உரைத்த பேராசிரியர் நஞ்சம்மாள் அம்மையீர்! வணக்கம், வணக்கம், மனமார்ந்த வணக்கம்!

இந்த விளிகளைப் பொறுக்கி எடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத் தாங்கள் அறியவேண்டும். முதலில் "கருணைக் கடலே! கலைமகளின் மறுவடிவே!" என்றுதான் தொடங்கியிருந்தோம். கணிப்பொறி அறிவியல் துறையின் ரசாக் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனுங்க, அம்மா மேடையிலயே எந்திரிச்சு, இதை நிரூபிச்சுக் காட்டுங்கன்னு கேட்டா என்னங்க பண்றது?" என்றார். கடலை அடித்தோம். அடுத்து, "கோபம் என்பதையே அறியாதவரே!" என்று எழுதினோம், அதை மறுப்பதற்கான சாட்சிகள் இந்த அரங்கில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதால் அதையும் அடித்தோம். இப்படி அடித்தது போக மிஞ்சியவைதான் மேலே இருப்பவை. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் ஒவ்வொன்றுக்கும் எங்களால் பொறுப்பேற்க முடியும்.

அம்மையீர்! தாங்கள் இக்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த அறுபத்து மூன்றாம் ஆண்டில், கணிப்பொறி என்பதை இங்கே ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. இயற்கணிதமும் வடிவியலும் நடத்திக்கொண்டிருந்த தங்களை, எண்பத்தேழில் கணிப்பொறிப் பட்டப்படிப்பு தொடங்கியதும் நிர்வாகம் அழைத்து, தனிநிலைக் கணிதம் என்ற புதிய தாளைத் தலையில் கட்டியது. வேறு எவரும் அதைத் தொடத் துணியவில்லை. தங்களுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கோடை விடுமுறை முழுவதும் தாங்களே மாணவியாகி உட்கார்ந்து படித்து, ஜூனில் வகுப்புக்குள் நுழைந்தீர்கள். கூற்று, மெய் அட்டவணை, கணம், உறவு, கோட்டுரு என்று அடுக்கடுக்காக வந்த அந்தப் பாடத்தைக் கேட்டு மாணவர்கள் மிரண்டுபோனார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் நுழைந்து, திரைக்கு முன்னால் உட்காரலாம் என்று ஆசையோடு வந்தவர்களுக்கு, வேர்த்து வழியும் வகுப்பறையில் பலகை நிறைய மெய்யும் பொய்யுமாக எழுதிப் போட்டால் வேறு எப்படி இருக்கும்?

"கம்ப்யூட்டர் படிக்க வந்தவிங்களுக்கு இது எதுக்குங்க மேடம்?" என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டே விட்டார். தாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. (அன்று மட்டும்.) பலகையில் நான்கு வரிசைகள் வரைந்து, தங்கள் தோட்டத்துப் பம்புசெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

"மோட்டார் ஓடித் தண்ணி பாயோணும்னா, கரண்டும் இருக்கோணும், கெணத்துல தண்ணியும் இருக்கோணும். சரிங்களா? கரண்டு இருக்குது, தண்ணியில்ல. தண்ணி இருக்குது, கரண்டில்ல. ரெண்டுமே இல்ல. இந்த மூணு வரிசையையும் நான் எங்க தோட்டத்துல நல்லாப் பார்த்திருக்கறேன் கண்ணு. ரெண்டும் இருக்கற நாலாவது வரிசைதான் அபூர்வமா வரும். உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதும் இந்தப் பம்புசெட்டுதான், கொஞ்சம் சின்னதா இருக்குது, அவ்வளவுதான்."

வகுப்பே சிரித்தது. பெருந்துறைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளும், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்து, ஒன்றாக அட்டவணை போட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தாளில் தேறியவர்கள் இன்று கோவையின் ஆலை அலுவலகங்களிலும், பெங்களூரிலும், கடல் கடந்தும் இருக்கிறார்கள். தேறாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதியவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறோம். அரை மதிப்பெண்ணைக் கூட அளந்து போடுபவர் தாங்கள். கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று எழுதினால் மறுநாளே மறுகூட்டலுக்கு விண்ணப்பம் வந்து நிற்கும்.

ஆசிரியர் அறையில் தங்களோடு ஊர்க்கதை பேசுவதும் எளிதாக இருந்ததில்லை. "இந்தக் காலத்துப் பசங்க எல்லாருமே காப்பியடிக்கறானுங்க" என்று யாராவது அலுத்துக்கொண்டால் போதும், சோற்றுப் பொட்டலத்திலிருந்து தங்கள் தலை நிமிரும். "எல்லாருமேங்களா? அடிக்காதவன் ஒருத்தன் இருந்தான்னா உங்க வாக்கியம் போச்சுங்களே?" இதனால் எங்களில் சிலர் சாப்பாட்டு நேரத்தைக் கூட மாற்றிக்கொண்டதுண்டு. மாற்றிக்கொண்டவர்களும் நாளாவட்டத்தில் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் நாக்கை அளந்து பேசும் ஒருவர் நம்மைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், அது அப்படியே மெய் என்று நம்பிவிடலாம். தாங்கள் எங்களைப் பாராட்டியது குறைவு. ஆனால் அந்தக் குறைவான பாராட்டுகளை நாங்கள் ஒவ்வொருவரும் இன்றுவரை மறக்கவில்லை.

இனி நாங்கள் சொல்லப்போவதைத் தாங்கள் விரும்பமாட்டீர்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டைப் பற்றி எழுதவேண்டாம் என்று போன வாரமே ரசாக்கிடம் சொல்லிவிட்டீர்கள். மன்னிக்கவேண்டும், அம்மா. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த மடல் பொய்யாகிவிடும், பொய்யான ஒன்றைச் சட்டம் போட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் இக்கல்லூரியின் முதல்வர் நாற்காலி காலியாவதாக இருந்தது. பணிமூப்பில் தாங்கள்தான் முதலில் இருந்தீர்கள். நிர்வாகத்துக்கும் மறுப்பில்லை. கல்லூரி தொடங்கிய நாள் முதலாக ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை என்பதால், எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத மகிழ்ச்சி. மாலைக்குக் கூடச் சொல்லிவைத்துவிட்டோம். இடையில் மே மாதத்தில், பல கல்லூரி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடிப் பல்கலைக்கழக விடைத்தாள்களைத் திருத்தும் முகாம் வந்தது. தனிநிலைக் கணிதத் தாளுக்கு வினா எழுதியவர் தாங்கள். எந்த விடைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று திருத்துவோருக்குச் சொல்லும் விடைக்குறிப்பை எழுதியவரும் தாங்களே.

அதில் பத்து மதிப்பெண் வினா ஒன்று இருந்தது. அதைக் குறியீடுகளை எடுத்துவிட்டு நடப்புத் தமிழில் சொன்னால் இப்படி வரும். மழை பெய்தால் மண் நனையும். மழை பெய்தது. மண் நனையவில்லை. ஆகவே இன்று பேருந்து வரும். இந்த வாதம் செல்லுமா, செல்லாதா? கேட்டவுடனே யாரும் செல்லாது என்றுதான் சொல்வார்கள். மழைக்கும் மண்ணுக்கும் நடுவே பேருந்து எங்கே வந்தது! தாங்களும் அட்டவணையை முழுவதும் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் அந்த உலக வழக்கம் கையைப் பிடித்து இழுக்க, "செல்லாது" என்று எழுதிவிட்டீர்கள்.

தர்க்கத்தின் கணக்கோ வேறு. ஒரு வாதம் செல்லாது என்று தள்ளவேண்டுமானால், முதலில் சொன்ன கூற்றுகள் எல்லாம் மெய்யாக இருந்து முடிவு மட்டும் பொய்யாகிப்போன ஒரு வரிசையை அட்டவணையில் காட்டவேண்டும். இந்த மூன்று கூற்றுகளோ ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவை. மூன்றும் சேர்ந்து மெய்யாகும் வரிசை ஒன்றுகூடக் கிடையாது. குற்றம் சாட்டச் சாட்சியே இல்லாதபோது தண்டிப்பது எப்படி? ஆகவே வாதம் செல்லும். பாடத்தில் அதைப் போல வழுக்கும் இடம் வேறில்லை. அங்கே வழுக்கவேண்டுமானால் கூட அட்டவணை போடத் தெரிந்திருக்கவேண்டும்.

முகாமின் கடைசி நாள் பிற்பகல். விடைத்தாள் கட்டுகள் பெரும்பாலும் திருத்தி முடிந்து, பேருந்தைப் பிடிக்கப் பலர் பையைத் தூக்கிவிட்டார்கள். தலைமைத் திருத்துநர் என்ற முறையில் தாங்கள் ரசாக்கின் கட்டிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துப் பார்த்தீர்கள். யாரோ ஒரு மாணவர் அட்டவணையைப் போட்டு, சாட்சி இல்லை என்று காரணம் காட்டி, "செல்லும்" என்று முடித்திருந்தார். ரசாக், விடைக்குறிப்பு சொன்னபடியே சுழியம் போட்டிருந்தார். தாங்கள் அதைப் படித்தீர்கள். மறுபடியும் படித்தீர்கள். பிறகு எழுந்து, முகாம் அலுவலர் கோவிந்தராஜுலு அவர்களின் மேசைக்கு நடந்தீர்கள்.

"சார், ஆன்சர் கீ தப்புங்க. என்னோட தப்பு. கட்டெல்லாம் பிரிச்சுப்போடலாங்க."

கோவிந்தராஜுலு வேறொரு கல்லூரியின் பேராசிரியர், நல்ல மனிதர், அன்று நன்றாகக் களைத்திருந்தவர். "ஒரே ஒரு பேப்பருங்க மேடம். அந்தப் புள்ளைக்கு மட்டும் பத்து மார்க்குப் போட்டு உட்ருங்க. ஆருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே சார். பொய்யின்னு காட்ட ஒண்ணு போதுங்க. மத்தக் கட்டுல எத்தனை இருக்குதோ?"

அவர் குரல் உயர்ந்தது. முடிவு வெளியிடும் தேதி தள்ளிப்போகும் என்றார், இத்தனை பேர் இன்னொரு நாள் தங்கவேண்டுமே என்றார். பையைத் தூக்கியவர்கள் முணுமுணுத்தார்கள். தாங்கள் அசையவில்லை. கடைசியில் அவரே இறங்கிவந்து, தங்கள் நன்மையை நினைத்து ஒரு வழி சொன்னார். "சரிங்க, பிரிச்சுப்போடலாம். ஆனா காரணம் எழுதோணுமல்ல, டைப்பிங் மிஸ்டேக்குன்னு எழுதிக் குடுத்துருங்க. ஜூன்ல உங்களுக்கு என்ன வரப்போவுதுன்னு எனக்கும் தெரியும். இதுல உங்க பேரு வேண்டாம்."

"அந்தத் தட்டச்சுப் புள்ள நான் எழுதினதைத்தானுங்க சார் அடிச்சுது" என்றீர்கள். விடைக்குறிப்பில் பிழை செய்தவர் தாமே என்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தீர்கள். மறுநாள் கட்டுகள் பிரிந்தன. "செல்லும்" என்று எழுதிச் சுழியம் வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களில் தோல்வியிலிருந்து தேர்ச்சிக்கு வந்தவர்களும் உண்டு. தாள்களில் பெயர் கிடையாது என்பதால் அவர்கள் யார் என்று தங்களுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. யாருடைய பட்டம் யாரால் பிழைத்தது என்று அவர்களுக்கும் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். பல்கலைக்கழகம் தங்களை வினாத்தாள் குழுவிலிருந்து விலக்கியது. தவறு செய்ததாகத் தாமே எழுதிக் கொடுத்தவரை முதல்வராக்கினால் நாளைக்குப் பேச்சு வரும் என்று நிர்வாகம் தயங்கியது. தயங்கித் தயங்கி, இயற்பியல் துறையின் பங்காரு அவர்களை முதல்வராக்கியது. அவர் இதோ மேடையில் தங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இந்தப் பத்தியை விடாமல் எழுதுங்கள் என்று எங்களிடம் சொன்னவரே அவர்தான்.

எங்களுக்கு அன்று வயிறெரிந்தது. தங்களுக்காக எரிந்தது, சில நாள் தங்கள் மேலேயே எரிந்தது. தட்டச்சுப் பிழை என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று மாடிப்படியில் நின்று எங்களுக்குள் பொருமினோம். தாங்களோ அறிவிப்பு வந்த அன்றே புதிய முதல்வரின் அறைக்கு முதல் ஆளாகப் போனீர்கள். "நீங்க நல்லாப் பண்ணுவீங்க சார். ஒண்ணே ஒண்ணு, லேப்புல ஏசி ஓடறதில்லீங்க" என்றீர்கள். வாழ்த்தும் விண்ணப்பமும் ஒரே மூச்சில்! அந்த வாரமே ஆய்வகத்துக்குப் புதிய குளிரூட்டி வந்தது. நாங்கள் சொல்லிவைத்த மாலையைப் பங்காரு அவர்களுக்கே போட்டோம். தாங்கள் அதற்கும் கைதட்டினீர்கள்.

பிறகு மூன்றாண்டுகள் ஒரு குறையும் சொல்லாமல் பலகைக்குத் திரும்பினீர்கள். வருந்தினீர்களா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வந்ததில்லை. ஆனால் இந்த ஆண்டு முகாமில் நடந்ததைத் தாங்கள் முழுதாக அறியமாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதினோம்.

தாங்கள் கட்டுகளைப் பிரிக்கவைத்த மறு ஆண்டிலிருந்து, கோவிந்தராஜுலு அவர்கள் தம் முகாமில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். முதல் நாள் ஒரு தாளைக் கூடத் தொடுவதற்கு முன், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து விடைக்குறிப்பை வரிவரியாகப் படிக்கவேண்டும். தவறென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இந்த ஆண்டு நம் கல்லூரியிலிருந்து முதன்முறையாகப் போனவர் அன்புக்கரசி. சென்ற ஆண்டுதான் பணியில் சேர்ந்தவர், தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கதை எதுவும் அதுவரை காதில் விழாதவர். விடைக்குறிப்பில், முனைகளைக் கோடுகளால் இணைத்து வரைந்த ஒரு கோட்டுருவில் தவறு இருப்பதைக் கண்டு, எழுவதா வேண்டாமா என்று பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்திருக்கிறார். அதை எழுதியவர் அவரைவிட இருபது ஆண்டு மூத்தவர், எதிரிலேயே இருந்தார்.

கோவிந்தராஜுலு பார்த்துவிட்டார். "என்ன அம்மணி, தப்பா? சொல்லு கண்ணு, மாத்திப்போடலாம். இதுக்கெதுக்குப் பயப்படற?" என்றிருக்கிறார். அன்புக்கரசி சொன்னார். எழுதியவரே பார்த்து, ஆமாம் என்று சிரித்து, தம் பேனாவால் அடித்துத் திருத்தினார். அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள்.

முகாம் முடிந்து வந்த மறுநாள் ஆசிரியர் அறையில் அன்புக்கரசி இதைத் தேநீருக்கு நடுவே, வெயிலைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார். தாங்கள் தம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"சார் திட்டினாருங்களா?"

"இல்லீங்களே மேடம். எதுக்குத் திட்டறாரு?"

ரசாக் எழுந்து வெளியே போனார். ஏன் போனார் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. தாங்கள் அந்தக் கோட்டுருவை வரைந்து காட்டச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து முனைகளை எண்ணத் தொடங்கினீர்கள். அப்போது தங்கள் முகத்தில் இருந்த நிறைவை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வருந்தினீர்களா என்று இனிக் கேட்கவேண்டியதில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

அம்மையீர்! இனிக் காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கவேண்டாம். மாசி மாதக் காரமடைத் தேரை விடுப்பு எழுதிக் கொடுக்காமலே பாருங்கள். மூட்டுவலிக்கு மருத்துவர் சொன்ன நடையை, சொன்ன தூரம் நடங்கள். தங்கள் உடலும் உள்ளமும் ஒருசேர நலமாக இருக்கும் நாள்கள் நீண்டு நீண்டு பெருகட்டும். தங்கள் குரல் எங்கள் அறையில் இல்லாதபோதும் நாங்கள் நாக்கை அளந்தே பேசுவோமாக!

முதல்வர் நாற்காலியைத் தங்களுக்கு வாங்கித் தர எங்களால் முடியவில்லை, அம்மா. ஆனால் அந்த நாற்காலியைக் கொடுத்துத் தாங்கள் வாங்கியது எது என்று எங்களுக்கு இப்போது தெரியும். தவறைத் தவறு என்று எழுந்து சொன்ன ஒரு பெண்ணை, அன்று யாரும் திட்டவில்லை.

இப்படிக்கு, தங்களோடு பணியாற்றியதைப் பெருமையென்று மெய்யாகவே சொல்லும்

பங்காரு, முதல்வர்
ரசாக், அன்புக்கரசி
மற்றும் கணிதத்துறை, கணிப்பொறி அறிவியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்

கோயம்புத்தூர்
மே 1998